வந்துகொண்டிருக்கிறார்கள்

சின்னவனின் அம்மாவுக்கு வாய்த்தது சாதாரணத் தொண்டை இல்லை. துணி ஆலையில், தறிகள் போடுகிற கூச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே காலம் தள்ளியவள். வீட்டுக்குள் அவள் "உப்பு தீந்துபோச்சா?" என்று கேட்டால், எதிர்வீட்டுக்காரி "எங்ககிட்ட இருக்கு, வந்து வாங்கிக்கங்க" என்பாள். மாடியில் நின்று "சின்னவனே!" என்று ஒரு குரல் கொடுத்தால் மைதானத்தில் ஆட்டமே நின்றுவிடும், அவனுக்கு மானம் போகும். அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் முழுக்க, உடம்பில் பாதி செத்துக்கொண்டிருக்கும்போது, வாயைத் திறக்காமல் கிடந்தாள். ஏன் கிடந்தாள் என்பதுதான் இந்தக் கதை. கேட்டு யாருக்கும் சந்தோஷம் வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்னவன் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவன். அவன் வேலை பார்த்த கம்பெனி ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முதலாளிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் டெமோ சார். எந்த வேலையைக் கொடுத்தாலும் "நாளைக்கு டெமோ", அதாவது வாங்குகிறவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும், என்று சேர்த்துத்தான் கொடுப்பார். வேலை முடிந்ததா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். முடிந்த மாதிரி தெரிந்தால் போதும்.

ஒரு முதியோர் இல்லம் அவர்களிடம் வேலை கொடுத்திருந்தது. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். திரையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டன்: கூப்பிடு. அதை அழுத்தினால் செய்தி வயர் வழியாக நர்ஸ் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே மணி அடிக்கும். நர்ஸ் 'பார்த்தேன்' என்று அழுத்தினால், அந்தப் பதில் அதே வயரில் திரும்பி வந்து கட்டில் திரையில் தெரியும். ஒன்று போக வேண்டும், ஒன்று வர வேண்டும். அவ்வளவுதான் சமாசாரம்.

ஆனால் அந்தத் தொழிலில் வந்து விழுந்தவர்களுக்குத்தான் தெரியும், போவதை விட வருவதுதான் உயிரை வாங்கும் என்று. திரையை வரைவது, பட்டன் அழுத்துவதைக் கவனிப்பது, எழுத்தை மாற்றுவது எல்லாவற்றையும் ப்ரோக்ராமுக்குள் ஒரே ஒரு ஆள்தான் செய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அவனையே வயர் ஓரமாக நிற்க வைத்தால், திரையைக் கவனிக்க ஆள் இல்லை. திரை வெளுத்து, அப்படியே விறைத்துப் போகும். சின்னவன் முதலில் எழுதியது இப்படித்தான் இருந்தது.

இல்லத்தின் தலைமை நர்ஸை எல்லோரும் மேட்ரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நேராக மாடியேறி வந்துவிட்டாள்.

"தம்பி, பட்டனை அமுக்கினா ஸ்கிரீன் வெள்ளையா செத்துப் போயிடுது. நர்ஸ் வந்து அமுக்குற வரைக்கும் உயிரே வரமாட்டேங்குது. பெரியவர் ஒருத்தர் தான்தான் உடைச்சிட்டோம்னு அழுதே விட்டார். இதுக்கு நாங்க பழைய மணியையே வச்சிருப்போமே."

"சரி பண்ணிடறேன் மேடம். பதிலுக்குக் காத்திருக்க ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஒரு ஆளைப் போடணும். ஒரு வாரம் கொடுங்க."

டெமோ சாருக்கு ஒரு வாரம் என்ற சொல்லே ஒவ்வாது. மேட்ரன் படியிறங்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எதுக்குப்பா பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கணும்? அனுப்பியாச்சா? சேர்ந்துடுச்சுன்னு போடு. நர்ஸ் அங்கதானே உட்கார்ந்திருக்காங்க."

"சார், அனுப்பினது வேற, சேர்ந்தது வேற. நம்ம மெஷின் வாங்கி வச்சுக்கிட்டாலே அனுப்பியாச்சுன்னு சொல்லிடும். தபால்பெட்டியில போட்டவுடனே லெட்டர் கிடைச்சிடுச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கும்."

"தபால்பெட்டிக்கும் நர்ஸுக்கும் நடுவுல என்ன கடலா இருக்கு? பத்தடி வராண்டா. நாளைக்கு டெமோ."

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. எழுதிய கை சின்னவனுடையது. காத்திருக்கும் வரிகளைத் தூக்கினான். அனுப்பிய கையோடு திரையில் பச்சை எழுத்து வரும்படி வைத்தான்: செய்தி சேர்ந்தது. வந்துகொண்டிருக்கிறார்கள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ப்ரோக்ராம் பட்டுப் போல ஓடியது. அவனுக்கே ஒரு நிம்மதி. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்தத் தொழிலில் 'பிறகு' என்றால் எப்போதும் வராத ஒரு நாள் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும்.

டெமோ பிரமாதமாக நடந்தது. அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்தது வந்தது. பட்டன் அழுத்தியதைக் குறித்து வைக்கும் பகுதியையும் பிறகு சேர்க்கலாம் என்றே விட்டிருந்தான். அதுவும் அப்படியே கிடந்தது.

அந்த வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். சின்னவன் மனைவி இல்லாதவன்; பகல் முழுக்க வீட்டில் ஆள் கிடையாது. அக்கா வேறு ஊரில், மாமியாரையும் மாமனாரையும் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு அவள் பாட்டைப் படுகிறாள். நடக்க வருகிற வரைக்கும் என்று சொல்லி, அம்மாவை அந்த இல்லத்திலேயே சேர்த்தான். அக்காவுக்குத் துளியும் சம்மதமில்லை.

"கூப்பிட்டா ஓடி வர்றதுக்கு அங்க யாருடா இருக்கா?"

"நான் எழுதினதுதான் அக்கா அங்க ஓடுது. பட்டனை அமுக்கினா போதும்."

சொல்லும்போதே, தூக்கிவிட்ட அந்த வரிகள் நினைவுக்கு வந்தன. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை மாதமாக ஒரு புகார் இல்லையே என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

அம்மாவோ, போன முதல் நாளே இல்லத்தைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டாள். பட்டன் யார் எழுதியது என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டில் கட்டிலாகச் சக்கர நாற்காலியை உருட்டச் சொல்லிப் போய்ப் பாடம் எடுத்தாள்.

"இங்க அமுக்குங்க. பச்சை எழுத்து வந்துச்சா? முடிஞ்சது. அப்புறம் 'நர்ஸு, நர்ஸு'ன்னு கத்தக்கூடாது. என் புள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கான், அதை அவமானப்படுத்துற மாதிரி ஆயிடும்."

கத்தக்கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்த வாய் யாருடையது என்று பாருங்கள். அவளும் கத்தவில்லை. தண்ணீர் வேண்டுமா, பட்டன். போர்வை வேண்டுமா, பட்டன். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். அவர் பழக்கதோஷத்தில் கூப்பிட வாயெடுத்தால், அம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போன சின்னவனிடம் ரகசியக் குரலில் பேசினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். வெளியே வந்து வாசல்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெருமையில் வந்த கண்ணீர் என்று நினைத்தான், முட்டாள்.

அது ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். வராண்டாவைத் துடைக்க வந்தவர்கள் நர்ஸ் மேசையைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். பின்னாலிருந்த வயர் கழன்றது. ஒரு சத்தமும் இல்லை. மேசையில் இருந்த கம்ப்யூட்டர் விளக்கு எரிய விழித்துக்கொண்டுதான் இருந்தது. கட்டில் திரைகளும் அப்படியே. எதிர்முனை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க அந்த ப்ரோக்ராமுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு யாருமே கூப்பிடவில்லையே, நல்ல அமைதியான நாள் என்று நினைத்தாளாம் மேசையில் இருந்த நர்ஸ்.

அம்மாவுக்கு இடது கை மரத்தது. வாய் கோணுவது அவளுக்கே தெரிந்திருக்கிறது. வலது கையால் பட்டனை அழுத்தினாள். பச்சை எழுத்து வந்தது.

சாயங்கால மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ்தான் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னவனைத் தனியாக அழைத்துப் போனார். "மூளையில ரத்தம் அடைச்சிருக்கு. உடனே கொண்டு வந்திருந்தா கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம். இவ்வளவு நேரம் போனதுக்கப்புறம் போட முடியாது. இனிமே இடது பக்கம் வராது. பேச்சு குழறலா வரும். வர்ற வரைக்கும் லாபம்னு நினைச்சுக்கங்க" என்றார்.

அக்கா ஓடி வந்தாள். அழுது தீர்த்தபின் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"அம்மா ஏன்டா கத்தல?"

அவன் வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஒரு கத்து கத்தியிருந்தா அந்தக் கட்டடமே வந்திருக்குமேடா. அம்மாவுக்கா குரல் இல்ல?"

பதில் கணக்கு டீச்சரிடம் இருந்தது. அம்மாவின் துணிமணிகளை எடுக்க இல்லத்துக்குப் போனவனை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன் தம்பி. அமுக்கினாங்க. முகம் ஒரு மாதிரி இழுத்துச்சு. எனக்கு எந்திரிக்க முடியாதே. நான் கத்தட்டுமான்னு கேட்டேன். வேணாம்னு கையைக் காட்டுனாங்க. 'பச்சை வந்துடுச்சு டீச்சர், என் புள்ளை பொய் எழுத மாட்டான்'னு சொன்னாங்க. அதுதான் அவங்க கடைசியா தெளிவா பேசுனது. அப்புறம் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நானும் எப்பவோ தூங்கிட்டேன்."

துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அக்கா காபி வாங்கப் போன நேரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

"அம்மா. நீ அமுக்கினது போய்ச் சேரவே இல்ல. சேராமலே சேர்ந்துடுச்சுன்னு எழுதி வச்சது நான்தான். தெரிஞ்சேதான் எழுதினேன்."

அம்மா அவனைப் பார்த்தாள். அவள் திட்ட வேண்டும், ஆஸ்பத்திரி அதிரத் திட்ட வேண்டும் என்று அவன் ஏங்கினான். அவள் வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"யார்கிட்ட... சொன்ன?"

"உன்கிட்டதான் முதல்ல."

"சொல்லாத. வேலை... போயிடும்."

"போகட்டும்மா!"

"சாப்பிட்டியா?" என்றாள்.

அவன் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவளுடைய வலது கை வந்து அவன் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் புகுந்துகொண்டது.

இல்லத்தின் நிர்வாகம் விசாரணைக்கு ஒரு அதிகாரியை வைத்தது. டெமோ சார் வக்கீலைப் பிடித்தார். வக்கீல் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: விசாரணை முடியும்வரை எதையும் தொடாதீர்கள், தொட்டால் தப்பை ஒத்துக்கொண்டது போல ஆகும். ஆனாலும் சின்னவன் தன் சொந்த மடிக்கணினியில் உட்கார்ந்து அந்த ப்ரோக்ராமைத் திருப்பி எழுதினான். முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. பதிலுக்குக் காத்திருக்கத் தனியாக ஒருவன். திரை தன் பாட்டுக்கு உயிரோடு இருக்கும். மேசையிலிருந்து பதில் வந்தால்தான் பச்சை. வராவிட்டால் சிவப்பில் பெரிய எழுத்து: யாருக்கும் கேட்கவில்லை, சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். நல்ல மனிதர்தான். அம்மாவின் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, உடம்பு முடியாம போனப்போ பட்டனை அமுக்குனீங்களா?"

சின்னவனும் அக்காவும் கட்டில் ஓரமாக நின்றிருந்தார்கள். அம்மா மகன் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல" என்றாள். "அமுக்கல. மறந்துட்டேன்."

"அம்மா!" என்று சின்னவன் முன்னால் வந்தான். "சார், அமுக்கினாங்க. பக்கத்துக் கட்டில் டீச்சர் பார்த்திருக்காங்க. அந்தப் பச்சை எழுத்துக்கு அர்த்தமே கிடையாது சார். அதை எழுதினவன் நான் சொல்றேன். நீங்க வாங்க, வயரைப் பிடுங்கிக் காட்டறேன்."

அதிகாரி அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா அமுக்கினதுக்கு மெஷின்ல பதிவு எதுவும் இல்ல, அம்மாவும் இல்லைங்கறாங்க. அமுக்காத பட்டனுக்கு வயர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அவர் போனதும் அக்கா அம்மாவின் மேல் பாய்ந்தாள். "ஒரு பட்டனை அமுக்கக்கூட மறந்து போச்சாம்மா? ஊரையே கூட்டுற தொண்டை, அதையும் மறந்துட்டியா? நாங்க என்ன பாவம்மா பண்ணோம்?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சின்னவன் அக்காவிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அம்மா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்த பார்வையில், திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது. பிறகு சொன்னான், வராண்டாவில் வைத்து. அக்கா அவன் கன்னத்தைத் தடவிவிட்டு, "அவளைக் காப்பாத்தறதுக்காக நீ பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்காதடா" என்றாள்.

விசாரணை முடிந்தது. கருவியில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டெமோ சார் ஒன்றே ஒன்று செய்தார்: நர்ஸ் மேசையைச் சுவரோடு திருகாணி போட்டு முடுக்கச் சொல்லி, வயர் கழலாதபடி அதன் மேல் ஒரு இரும்புப் பெட்டியை அடித்துப் பூட்டுப் போட வைத்தார். சின்னவன் தான் திருத்தி எழுதியதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தான்.

"வயர் மட்டும் இல்ல சார், அந்த மெஷின் ஹேங் ஆகி உறைஞ்சு நின்னாலும் இதே கதிதான். இதைப் போட்டுடலாம்."

"தப்பே இல்லைன்னு எழுதிக் கொடுத்ததை எதுக்குப்பா திருத்தணும்? திருத்தினா தப்பு இருந்துச்சுன்னு ஆயிடும். உங்க அம்மாவே சொல்லிட்டாங்களே."

அன்றைக்கே வேலையை விட்டான். கோபத்தில் செய்தது, யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். வேலையோடு அந்த ப்ரோக்ராமைத் தொடுகிற உரிமையும் போனது. மேட்ரனிடம் போய்ச் சொன்னான். அவள் விசாரணை முடிவைக் காட்டி, "நல்லா ஓய்வெடுங்க தம்பி" என்றாள்.

கடைசியில் அவனுக்கு ஒரு வழிதான் மிஞ்சியது. அம்மாவைத் தன் வீட்டில் கொண்டுவந்து வைத்தபின், பார்வையாளர் நேரத்தில் இல்லத்துக்குப் போய்க் கட்டில் கட்டிலாக நின்று சொன்னான்: "இந்தப் பச்சையை நம்பாதீங்க. அமுக்குங்க, கூடவே கத்துங்க. நல்லா சத்தமா கத்துங்க." அம்மா சக்கர நாற்காலியில் போன அதே வழிதான். பெரியவர்கள் அவனை அன்பாகப் பார்த்தார்கள். ஒருவர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். இன்னொருவர், "கத்தக்கூடாதுன்னு உங்க அம்மா சொல்லியிருக்காங்களே" என்று தயங்கினார்.

கணக்கு டீச்சரிடம் வந்தபோது அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"டீச்சர், நீங்களாவது இவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க. நீங்கதானே கண்ணால பார்த்தீங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"பார்த்த மாதிரிதான் இருந்துச்சு தம்பி. ஆனா அவங்களே அமுக்கலைன்னு சொன்னதுக்கப்புறம் யோசிச்சேன். எனக்கும் கண்ணு சரியில்ல. தூக்கக் கலக்கம் வேற. கனா கண்டிருப்பேன்."

"இல்ல டீச்சர். நீங்க பார்த்தது நிஜம். அவங்கதான் பொய் சொன்னாங்க."

"சீ, என்ன பேச்சு இது? உங்க அம்மா பொய் சொல்றவங்களா?"

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"உட்காருங்க முதல்ல. முகமெல்லாம் வாடிப்போயிருக்கு. தண்ணி குடிங்க" என்று கையை நீட்டிப் பட்டனை அழுத்தினார்.

செய்தி சேர்ந்தது. வந்துகொண்டிருக்கிறார்கள்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்தான். வரக்கூடாது, யாரும் வந்துவிடக்கூடாது என்று மனதுக்குள் கெஞ்சினான். வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு இளம் நர்ஸ் சிரித்த முகத்தோடு உள்ளே வந்து, "என்ன டீச்சர், கூப்பிட்டீங்களா?" என்றாள்.

"பார்த்தீங்களா?" என்றார் டீச்சர். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நீங்க எழுதினதை நீங்களே நம்பலைன்னா எப்படி தம்பி?"

நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் அதைக் குடித்தான்.